கடைசிப் பதினான்கு மைல்

கிட்டுசாமிக்கு ‘முக்கால் கிட்டு’ என்று பெயர் வைத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்தபின் இவனைப் போய் நல்லவன் என்று நினைத்தோமே என்று யாரும் நொந்துகொள்ள வேண்டாம்.

பன்னிரண்டு வருடம் முன்பு, கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் அவர் வீட்டுப் பின்புறத்தில் ஒரு பொங்கல் விருந்து. தோட்டத்துக்கு அவரே மரத்தளம் போட்டிருந்தார். முக்கால்வாசிக்குப் பலகை இருந்தது, மீதி வெறும் சட்டம். தட்டும் கையுமாக நடந்த ஒருவருடைய கால் அந்தச் சட்டத்துக்குள் போய்விட்டது. அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, “முக்கால் தளம் போட்டா முக்கால் கிட்டுன்னுதான் கூப்பிடணும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கிட்டுசாமியும் சிரித்தார். அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பொருத்தமான பெயர், அதுதான் கொடுமை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து மேற்படிப்புக்கு வந்தவர், ஆய்வறிக்கையின் கடைசி அத்தியாயத்தை எழுதாமலே வேலைக்குப் போய்விட்டார். புல்லாங்குழல் கற்றார், மேடையேற இரண்டு மாதம் இருக்கும்போது நிறுத்தினார். மகள் வான்மதிக்கு மரத்தின்மேல் ஒரு குட்டி வீடு கட்டினார், அதற்கு மூன்று சுவர்தான். அரை மாரத்தானில் பத்தாவது மைலில் நடைபாதையோரம் உட்கார்ந்துவிட்டார். பிழைப்பும் அப்படித்தான். இருபத்தாறு வருடம் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. இவர் பிழையைக் கண்டுபிடிப்பார், வேறொருவர் சரிசெய்வார், மூன்றாவது ஆள் எல்லோர் முன்னும் எழுந்து நின்று விளக்குவார். போன ஜனவரியில் அந்த வேலையும் போயிற்று. அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது.

வேலை போன மூன்றாம் வாரம் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்து வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டார். நியூ ஜெர்சி எடிசனில் மகள் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு லிவர்மோர் வரை தனியாகச் சைக்கிளில் வரப்போகிறாராம். மூவாயிரத்துச் சொச்சம் மைல். ஒரு மைல்கூட வேறு வண்டியில் ஏற மாட்டாராம்.

குழுவில் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நாங்கள் ஐந்தாறு பேர் தனியாக இன்னொரு குழு வைத்திருந்தோம், ஊரைக் கிழிப்பதற்கென்றே. அதில் நான் எழுதினேன்: “முக்கால்னா கணக்குப்படி யூட்டா வரைக்கும் வரணும். பென்சில்வேனியா தாண்டினாலே பெருசு.”

மகளும் அப்படித்தான் நினைத்தாள். வான்மதிக்கு இருபத்தைந்து வயது. எடிசனில் இருந்துகொண்டு மன்ஹாட்டனுக்கு ரயிலில் போய் வேலை பார்க்கிறாள். அமெரிக்காவிலேயே பிறந்தவள். தமிழில் பேசினால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவர் புறப்பட்ட ஏப்ரல் ஆறாம் தேதி காலை வாசலில் நின்று, விட்டுவிடலாம் என்று தோன்றும்போது கூப்பிடு அப்பா, எங்கே இருந்தாலும் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாளாம். கேலி இல்லை, நிஜமான அக்கறை. அதுதான் அவரைச் சுட்டது.

அன்று இரண்டாவது மணி நேரத்தில் எங்கோ நின்று எனக்குப் ஃபோன் செய்தார். “இதை மட்டும் முழுசா முடிச்சுட்டு அவ முன்னால நிக்கோணுங் தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்.”

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் வாயாலேயே சொன்னார், நான் காதால் கேட்டேன்.

பென்சில்வேனியா தாண்டினார். ஒஹாயோ தாண்டினார். கன்சாஸில் சூறாவளி எச்சரிக்கை வந்து ஒரு பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சைரன் அடங்கியதும் சைக்கிளை எடுத்தார். யூட்டாவில் ஆலங்கட்டி மழையில் ஒரு போலீஸ்காரர் அவரைக் கட்டாயப்படுத்திக் காரில் ஏற்றி ஆறு மைல் தள்ளி விடுதியில் விட்டார். மறுநாள் காலை கிட்டுசாமி அந்த ஆறு மைலும் பின்னால் ஓட்டிக்கொண்டு போய், ஏற்றிய இடத்தைத் தொட்டுவிட்டு, திரும்ப அதே ஆறு மைலை ஓட்டி வந்தார். அதைக் குழுவில் படித்த அன்று எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. மனிதர் முடித்துவிடுவார் போலிருக்கிறதே!

முடித்துவிடுவார் என்று தெரிந்ததும் சங்கத் தலைவர் மகாதேவன் களத்தில் இறங்கினார். சென்னைக்காரர், எதையும் பெரிதாகச் செய்யத் தெரிந்தவர். கிட்டுசாமி வந்து சேரும் ஞாயிறு, ஜூன் பதினைந்து, தந்தையர் தினம். சங்கத்தின் பிக்னிக்கும் அன்றைக்குத்தான். இரண்டையும் சேர்த்துவிட்டார். லிவர்மோர் பூங்காவில் கூரை போட்ட இடம், நூற்று இருபது பேருக்குச் சாப்பாடு, பறை அடிக்க ஒரு குழு, கிட்டுசாமியின் படம் போட்ட பேனர், பொன்னாடை, ஆரத்தி. “கிட்டு சார் டூ தர்ட்டிக்கு வந்துடுவார். நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடணும்” என்று அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை முதல் ஆறு. இது எல்லோருக்கும் மனப்பாடம். அவர் சமையலறையில் தொங்கும் மயிலாப்பூர் நாள்காட்டியும் அதையே சொன்னது.

அன்று காலை ஏழு மணிக்குக் கிட்டுசாமி ஸ்டாக்டனை விட்டுக் கிளம்பினார். நாற்பத்தைந்து மைல்தான் பாக்கி. அவருடைய ஃபோன் தன் இருப்பிடத்தைக் குழுவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் ஒரு நீலப்புள்ளி நகர்வதை எல்லோரும் பார்க்கலாம். ட்ரேசி பக்கத்தில் அந்தப் புள்ளி நின்றுவிட்டது. பின் டயரின் பக்கவாட்டு கிழிந்துவிட்டதாம். ஒரு ரொட்டி உறையை மடித்து உள்ளே வைத்து, இரண்டு மணி நேரம் போராடி, ஒரு வழியாக ஓடும்படி செய்தார். அதன்பிறகு ஆல்டமாண்ட் மலை. அதன்மேல் ஏன் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன என்று அங்கே சைக்கிள் ஓட்டிப் பார்த்தால் புரியும். கோடையில் மத்தியானத்துக்கு மேல் மேற்கிலிருந்து வரும் காற்று ஆளைத் தள்ளும். அவர் போவது மேற்கே.

பூங்காவில் மூன்று மணிக்கு எல்லோரும் நீலப்புள்ளியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மகாதேவன் என்னைத் தனியே அழைத்தார். “செழியன், உங்க ட்ரக்கை எடுத்துட்டுப் போய் அவரை பிக்கப் பண்ணிடுங்க. லாஸ்ட் ஹாஃப் மைல்ல மறுபடி சைக்கிள்ல ஏத்தி விட்டுடுங்க. வீடியோல ஓட்டிட்டு வர்ற மாதிரி வந்தா போதும்.”

“அவர் ஏற மாட்டாரு சார்.”

“நீங்க சொன்னா ஏறுவார்.”

அந்த வார்த்தையில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. என்ன பெருமையோ.

மலையின் கிழக்குப் பக்கம், பழைய சாலையில், மேட்டில் அவரைப் பிடித்தேன். மணி மூன்று இருபது. கறுத்துப்போயிருந்தார், பாதியாக இளைத்தும் போயிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. காற்று அடித்த அடியில் சைக்கிள் ஒரு பக்கம் சாய, இவர் மறுபக்கம் சாய்ந்து, நடக்கும் வேகத்தில் வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“தம்பி! இன்னும் பதினாலே மைலுங். அஞ்சரைக்கு வந்துருவேன்.”

“கிட்டுண்ணா, வண்டில ஏறுங்க.”

சிரிப்பு அப்படியே நின்றது. “எதுக்குங்?”

“நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஆரத்தி எடுத்து முடிக்கணும்னு மகாதேவன் சார் ஒத்தக்கால்ல நிக்கறாரு.”

“அப்ப நான் வந்து ஓரமா உக்காந்துக்கறேன். ஆறு மணிக்கு மேல எடுக்கட்டும்.”

“ஆறு மணி வரைக்கும்தாண்ணா அந்த எடம் புக் பண்ணிருக்கு. நூத்தி இருவது பேரு வெயில்ல காத்துட்டு இருக்காங்க. சாப்பாடு ஆறிப்போச்சு.”

“நான் ஆரையும் வரச் சொல்லலீங்களே.”

நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. “நாளைக்கு நானே கொண்டாந்து இதே எடத்துல விடறேண்ணா. யூட்டால பண்ணலியா? அது மாதிரி ஓட்டி முடிச்சுக்கங்க.”

“இன்னைக்கு வேணுங் தம்பி” என்றார். சொல்லிவிட்டு மிதியில் கால் வைத்தார்.

ட்ரக் சன்னலில் கைவைத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஃபோன் மூன்றாம் முறையாக அடித்தது, மகாதேவன். வெறுங்கையோடு திரும்பிப் போனால் என்ன நினைப்பார்கள் என்பது மட்டும்தான் அப்போது எனக்குள் இருந்தது. வான்மதி வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சொல்லாமல் சனிக்கிழமை வந்து இறங்கியிருந்தாள்; அவள் அம்மா நாகரத்தினம் காலையில்தான் என்னிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமைதான் அவளுக்குத் திரும்பும் விமானம். அதையும் சொல்லியிருந்தார்.

“வான்மதி வந்திருக்கா” என்று கத்தினேன்.

சைக்கிள் நின்றது.

“உங்களுக்கு சர்ப்ரைஸ். ஆனா அவளுக்கு இன்னைக்கே ஃப்ளைட். அஞ்சு மணிக்கு ஏர்போர்ட் கிளம்பறா. நீங்க அஞ்சரைக்கு வந்தா யாருக்கு முன்னால நிப்பீங்க?”

யோசிக்காமல் வந்த பொய். இவ்வளவு கச்சிதமாக எனக்கு எதுவும் வந்ததில்லை.

அவர் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மகளுக்குப் ஃபோன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டார், அப்போதும் எடுக்கவில்லை. மேட்டின் உச்சியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஃபோனைச் சைக்கிளின் முன்பையில் போட்டார். நான் சைக்கிளைத் தூக்கி ட்ரக்கின் பின்னால் கிடத்தினேன். அவர் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, என்னைக் கேட்காமலே தானாகப் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

பழைய சாலையில் போனால் நேரமாகும் என்று வண்டியைத் திருப்பி ஃப்ரீவேயில் ஏற்றினேன். அறுபத்தைந்து மைல் வேகம். ஏசி வைத்தேன். வழியில் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: “எழுபத்தோரு நாளுங் தம்பி.” நான் பாட்டுப் போட்டேன்.

பூங்காவுக்கு அரை மைல் முன்னால் ஒரு கடை வாசலில் இறக்கிவிட்டேன். ஏறி ஓட்டினார். சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான். பறை அடித்தது, குழந்தைகள் ஓடின, ஆள் ஆளுக்கு வீடியோ எடுத்தார்கள். நாகரத்தினம் ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தார். மூன்று சுற்று சுற்றிப் பொட்டு வைத்தவர், கணவரின் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

“சட்டை காஞ்சு கெடக்குதுங்களே” என்றார் மெதுவாக.

அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு ஒரு காய்ந்த சட்டை போதும். நான் பேனரைச் சரிசெய்யப் போய்விட்டேன்.

பொன்னாடை போட்டார்கள். அவர் கண்கள் கூட்டத்தில் மகளைத் தேடிக்கொண்டே இருந்தன. மைக்கைக் கையில் கொடுத்ததும், “கடைசிப் பதினாலு மைலு நான் ஓட்டலீங்க. செழியன் தம்பி வண்டில வந்தேனுங்க” என்றார்.

நான் கிளம்பியதும் பறை ஒத்திகை தொடங்கிவிட்டதால் நீலப்புள்ளியை அங்கே யாரும் பார்த்திருக்கவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. மகாதேவன் மைக்கைப் பிடுங்கினார். “பார்த்தீங்களா! த்ரீ தவுசண்ட் மைல்ஸ் ஓட்டிட்டு ஜோக் அடிக்கறார். எவ்ளோ ஹம்பிள்! ஒரு பெரிய க்ளாப்ஸ்!” எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாப்பாட்டு வரிசையில் ஜலஜா ஆன்ட்டி எனக்கு முன்னால் நின்றார். கையில் ஃபோன், அதில் பஞ்சாங்கம். “எதுக்கு இப்படி எல்லாரையும் வெரட்டினேள்?” என்றார். “இங்க சூரியன் மறையறதே எட்டரைக்கு. அந்த நாலரையெல்லாம் ஊர்க் கணக்கு. லிவர்மோர்ல இன்னைக்கு ராகு காலம் ஆறு நாப்பதுக்கு மேலதான் ஆரம்பம்.” பக்கத்தில் நின்ற மகாதேவன், “அப்படியா?” என்றார். சொல்லிவிட்டு வடையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். ஐந்தரைக்குக் கிட்டுசாமி ஓட்டிக்கொண்டே வந்திருக்கலாம். ஆரத்தியும் எடுத்திருக்கலாம், ராகுவுக்கும் ஒரு குறையும் வந்திருக்காது.

அப்போதுதான் வான்மதி வந்தாள். சைக்கிளில் வந்தாள். தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் சிவந்து, மூச்சு இரைக்க, சைக்கிளைப் புல்லில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். டவுனில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, பழைய மலைச்சாலை வந்து இறங்கும் கிரீன்வில் ரோடு முனையில் போய் நின்றிருக்கிறாள். அங்கிருந்து அப்பாவோடு சேர்ந்து கடைசி ஐந்து மைலை ஓட்டி வர வேண்டும் என்று.

இதெல்லாம் அவள் ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தபோது எங்களுக்குத் தெரிந்தது. அவர் ஃபோன் செய்தபோது பார்த்தாளாம். எடுத்தால் காற்றின் சத்தத்தில் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிடும் என்றுதான் எடுக்கவில்லையாம். பிறகு நீலப்புள்ளி திடீரென்று ஃப்ரீவேயில் பறந்ததும், அப்பாவுக்கு ஏதோ ஆகி ஆம்புலன்ஸில் போகிறார் என்று நினைத்திருக்கிறாள். அவள் கூப்பிடக் கூப்பிட, ஃபோன் என் ட்ரக்கின் பின்னால் சைக்கிள் பைக்குள் அடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அம்மாவுக்கோ பறைச் சத்தத்தில் கேட்கவில்லை. அழுதுகொண்டே எதிர்காற்றில் அந்த ஐந்து மைலையும் தனியாக மிதித்து வந்திருக்கிறாள்.

கிட்டுசாமி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பொன்னாடை ஒரு தோளில் சரிந்தது. “உனக்கு இன்னைக்கு ஃப்ளைட் இல்லியா கண்ணு?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். “ட்யூஸ்டே.”

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ பிழையின் மூலம் எது என்று கண்டுபிடித்துவிட்டவர்போல, அமைதியாக, ஒரே ஒரு கணம் பார்த்தார்.

“அப்பா,” என்றாள் வான்மதி. அதற்குப்பின் தமிழில் கேட்டாள். “நான் அங்க நின்னேன். நீ ஏன் வண்டில ஏறின?”

ஒரு வாக்கியம் போதும். ‘உனக்கு ஃப்ளைட்னு செழியன் சொன்னான்.’ மகள் முன்னால் அவர் நிமிர்ந்துவிடலாம். நான் அந்தப் புல்லில் புதைந்துபோயிருப்பேன். தட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

“முடியல கண்ணு,” என்றார். “மேடு ஏற முடியல.”

அவள் நம்பிவிட்டாள். அவரைப் பற்றி அதை நம்புவதில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பரவாயில்லை அப்பா, இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்றாள் ஆங்கிலத்தில். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போதும் பசித்தது, சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மலையில் விட்ட இடத்தில் கொண்டுபோய் இறக்குகிறேன் என்றேன். “இனி அது எதுக்குங்” என்றார். அன்றைக்கு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். “சொன்னா, அவ வந்ததுனாலதான் நான் முடிக்காம வண்டில ஏறினேன்னு ஆயிருமே. அத்தனை தூரம் ஆசையா வந்த புள்ளைக்கு அது எதுக்குங் தம்பி” என்றார். காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வான்மதியிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். அவள் எண் என்னிடம் இருக்கிறது. மூன்று முறை ஃபோனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இதை எழுதியிருக்கிறேன், அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில்.